தலையெழுத்தா, தாளெழுத்தா? – மலையக வரலாறு தரும் பாடம்

இடம்பெயர்ந்த எமது விவசாயக் குடும்பங்கள் கூடும் இடங்களில் "எல்லாம் தலையெழுத்து" என்ற சொல்லை அடிக்கடி கேட்கிறோம். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள் மத்தியில் அது இன்னும் கூடுதலாக ஒலிக்கிறது. அவர்களுடைய வறுமைக்கு அவர்களுடைய பழக்கவழக்கங்களே காரணம் என்று பேசும் அயலவரும் உள்ளனர். இவ்விரு எண்ணங்களும் சரிதானா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். தலையில் எழுதப்பட்டது என்று நாம் நம்புவதில் பெரும்பகுதி தாளில் எழுதப்பட்டதாகும். எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார் என்பதையும் நாம் அறிய முடியும்.

1. அடிமை முறைக்குப் பின்

பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியது. இலங்கையில் அம்முறை 1844இல் முற்றாக நீங்கியது. அடிமைகளை வைத்திருந்த முதலாளிமாருக்கு நட்டஈடாக 2 கோடி பவுண் ஒதுக்கப்பட்டது. அதற்கென வாங்கிய கடனின் கடைசிப் பகுதியை அந்நாட்டு அரசு 2015இலேயே கட்டி முடித்தது. அடிமைகளாக உழைத்தவர்களுக்கோ ஒரு சதமும் நட்டஈடாகக் கிடைக்கவில்லை.

விடுதலை பெற்றவர்களில் பலர் கரும்புத் தோட்டங்களை விட்டு வெளியேறினர். அவர்களுடைய இடத்தை நிரப்ப, இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் மொரீசியசுக்கும், பின்னர் திரினிடாட், கயானா, நேட்டால், பீஜி ஆகிய இடங்களுக்கும் கப்பலேற்றப்பட்டனர். அதே காலத்தில் இலங்கையின் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தனர். கொள்ளை நோயாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர் பலர்.

கோப்பி பருவத்துக்கு ஆள் கேட்கும் பயிர். பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869இல் காணப்பட்ட இலைநோய் காலப்போக்கில் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். ஆகவே நுவரெலியா, அட்டன் மலைகளெங்கும் லயங்கள் எழுந்தன. வந்துபோன மக்கள் அவற்றில் குடும்பமாகத் தங்கினர்.

2. கடன் என்னும் கயிறு

இம்மக்கள் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள் அல்லர். எனினும் விரும்பியபோது வேலையை விட்டுப் போகவும் அவர்களால் இயலவில்லை. சங்கிலி செய்த வேலையை இங்கே கடன் செய்தது.

கங்காணி ஊருக்குப் போய் முற்பணம் கொடுத்து ஆள் திரட்டினார். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் தொழிலாளியின் கணக்கில் ஏறின. சம்பளம் பல மாதங்கள் பிந்தியே கிடைத்தது. வேறு தோட்டத்துக்குப் போவதானால் துரையிடம் "துண்டு" பெற வேண்டும். இன்ன தொகைக் கடனை அடைத்தால் இவர்களை விடுவிக்கிறேன் என்பதே துண்டில் இருக்கும். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும். உடனே அது புதிய கடனாகத் தொழிலாளியின் தலையில் ஏறும். ஆளும் கடனும் சேர்ந்தே தோட்டம் மாறின. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டால் சிறைத் தண்டனையும் இருந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோரின் முயற்சிகளுக்குப் பின், 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

3. சட்டம் போட்ட முடிச்சு

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையக மக்கள் இலங்கை இந்தியர் காங்கிரசிலிருந்து 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. பிறப்பையும் தகப்பன், பாட்டன் பிறப்பையும் ஆவணத்தால் நிரூபிக்கும்படி அது கேட்டது. லயத்தில் பிறந்தவருக்கு அத்தகைய ஆவணம் ஏது? 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்போது அவர்கள் நாடற்றவர்களாக நின்றனர்.

1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று எழுதப்பட்டது. 1974இல் அந்த மீதியும் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டது. சம்பந்தப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை. 1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேர் மலையகத் தமிழர். 1981இல் அது 5, 6 என்ற அளவுக்கு இறங்கியது.

4. முடிச்சு அவிழ்ந்த பின்னும்

1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டின. ஆனால் வறுமை அத்துடன் முடியவில்லை. 2019ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்கெடுப்பின்படி தோட்டப்புறத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேர் வறியவர். நகரத்தில் 6 பேர். ஏன் இப்படி?

வீடு, வேலை, மருந்து, பிள்ளைக் காப்பகம் ஆகிய எல்லாம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகம் என்ற ஒரே கையில் இருந்தன. 10 அடிக்கு 12 அடி அறையில் நான்கு தலைமுறை வாழ்ந்தாலும் அது குடும்பத்துக்குச் சொந்தமல்ல. வேலையை விட்டால் கூரையும் போய்விடலாம் என்ற பயத்தோடு கூலிக்கு எப்படிப் பேரம் பேசுவது? தோட்டத்தில் ஒரு நாட்கூலியையே "பேர்" என்பர். கொழுந்து நிறை குறைந்தால் "அரைப் பேர்" விழும். பெண்ணுக்கும் ஆணுக்கும் சம கூலி என்பதே 1984இல்தான் கிடைத்தது. நாட்கூலி 1,000 ரூபா என்ற நெடுநாட் கோரிக்கை 2021இல்தான் வர்த்தமானியில் ஏறியது.

தனி விலாசம் இல்லாத லயத்துக்குக் கடிதம் தோட்டக் கந்தோர் வழியாக வரும். நேர்முகத் தேர்வு முடிந்தபின் அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகள் உண்டு. பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை, சபைப் பணத்தில் தோட்டத்துள் பாதை போடுவதற்கும் தடை இருந்தது. உரிமைச் சட்டம் மாறிய பின்னும், பழைய சட்டங்கள் விட்டுச் சென்ற வெற்றிடங்கள் இப்படி நின்றுவிடுகின்றன. காணி இல்லாமை அவற்றுள் பெரியது.

5. வன்னியிலும் அதே கயிறு

1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களால் ஆயிரக்கணக்கான மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்தன. காடு வெட்டினர்; கிணறு தோண்டினர். பிறர் வயலில் கூலிக்கு நின்றவர்களும் அநேகர். போர் அவர்களையும் மற்றவர்களைப் போலவே பலமுறை இடம்பெயர்த்தது. மீளக் குடியேறும் வேளையில் உறுதியோ அனுமதிப்பத்திரமோ உள்ளவருக்கு ஒரு வழி உண்டு. அவை இல்லாதவருக்கு, 30 ஆண்டு வியர்வை சிந்திய மண்ணாயினும், தன்னுடையதெனக் காட்டத் தாள் இல்லை. 1948இல் பாட்டனிடம் கேட்ட அதே கேள்வி பேரனிடமும் வருகிறது. ஒரே துயரத்தைச் சுமந்த நாம், "தோட்டக்காட்டார்" என்று ஒருவரை ஒதுக்கினால், துரைமார் போட்ட கோட்டை நாமே மறுபடி இழுக்கிறோம்.

6. நாம் செய்யக்கூடியவை

• பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வாக்காளர் பதிவு இம்மூன்றும் வீட்டில் ஒவ்வொருவருக்கும் உள்ளனவா என இம்மாதமே பாருங்கள்.
• காணிக் கடிதம், வரிப்பற்று, கிராம அலுவலரின் கடிதம் எதுவாயினும் பிரதி எடுத்து, வேறொரு வீட்டிலும் ஒன்றை வையுங்கள்.
• அனுமதிப்பத்திரத்துக்குத் தனித்தனியே அலையாமல், கிராமமாகச் சேர்ந்து பிரதேச செயலகத்துக்கு எழுதுங்கள். கையளித்த திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.
• விதைக்கும் பசளைக்கும் வாங்கும் கடனை உங்கள் கொப்பியிலும் எழுதுங்கள். கணக்கு ஒருவர் கையில் மட்டும் இருந்தபோது என்ன நடந்தது என்பதைக் கண்டோம்.

குழுவில் கலந்துரையாட:

1. எமது கிராமத்தில் இன்று "துண்டு" போல ஆளைக் கட்டி வைக்கும் கடன் எது?
2. எம்மிடையே காணிப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் எவை? அவர்களுக்காக யார் பேசுகிறார்கள்?
3. எமது பாட்டன், பாட்டி வந்த பாதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

மனிதர் எழுதிய சட்டத்தை மனிதரே மாற்றினர் என்பதற்கு 1921, 1988, 2003, 2018 ஆகிய ஆண்டுகள் சாட்சி. அவற்றுள் எதுவும் கேட்காமல் கிடைத்ததல்ல.