வேலைக்குப் போகும் தாயும் தொட்டில் பிள்ளையும்

தாயின் சம்பளத்தில் பாதி, பிள்ளை பார்ப்பவருக்கே போய்விட்டால், அவள் வேலையை விடுவாள். அல்லது மூத்த பெண் பள்ளிக்கூடத்தை விடுவாள். இரண்டும் குடும்பத்துக்கு நஷ்டமே.

இந்தச் சுமை தாய்க்கு மட்டும் உரியதன்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனம் பிள்ளைக் காப்பகம் வைக்கவேண்டும். தாய் தினம் 4 தடவை சென்று பிள்ளையைப் பார்க்கலாம் என்று 2017-ம் வருஷத்திய மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் விதித்தது. 2020-ம் வருஷத்திய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ, பல ஸ்தாபனங்கள் கூடிப் பணம் சேர்த்துப் பொதுக் காப்பகம் அமைக்கவும், நகராட்சியோ தொண்டு நிறுவனமோ நடத்துவதை உபயோகிக்கவும் இடந்தருகிறது.

ஆகையால், நீங்கள் முதலாளியானால் பக்கத்து முதலாளியோடு கலந்து பேசுங்கள். அத்தகைய ஸ்தாபனத்தில் தொழிலாளியானால், காப்பகம் எங்கே என்று கேளுங்கள். அது பிச்சையன்று, உரிமை. அண்டை வீட்டாரானால், காப்பகத்துக்கு நல்ல இடம் காட்டுங்கள்.