வெள்ளம் வடிந்த பின் கிணறு

வருடக் கடைசியில் மழை பிடித்தால் எங்கள் கிழக்குக் கரையில் வெள்ளம் புதினமல்ல. முற்றத்தில் வெள்ளம் நிற்கும்போது எல்லோரும் கவனமாகவே இருக்கிறோம். அது வடிந்து, வெயில் எறித்து, பாய் தலையணையைக் காயப்போட்டதும் கவனம் போய்விடுகிறது. வயிற்றோட்டமும் செங்கண்மாரியும் நெருப்புக்காய்ச்சலும் வீடு தேடி வருவது அதற்குப் பிறகுதான். பல வீடுகளில் அவை வரும் வழி கிணறு.

எங்கள் ஊர்களில் வளவுகள் சிறியவை. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடியாவது இருக்க வேண்டும் என்று படிக்கிறோம். அவ்வளவு இடமுள்ள வளவு எத்தனை? மணல் நிலம் வேறு. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து குழியைத் தொட்டுவிடுகிறது. ஆகவே கட்டுக்கு மேலால் வெள்ளம் பாயாத கிணறும் அசுத்தமாகலாம். தண்ணீர் தெளிந்திருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

உடனே நாம் செய்வது மோட்டாரைப் போட்டுக் கிணற்றை வற்ற இறைப்பதுதான். எங்கள் வீட்டிலும் அப்படிச் செய்தோம். அடுத்த நாள் உம்மா ஊற்றிய தேநீர் கரித்தது. கரையோர மணலுக்குள் நன்னீர், அதைவிடப் பாரமான உவர்நீரின் மேல் மிதக்கிறது. மேலே உள்ளதை வேகமாக இழுத்தால் கீழே உள்ளது ஏறிவரும். 2004 சுனாமிக்குப் பின் கிழக்கில் உப்பேறிய கிணறுகளை அளவுக்கு மீறி இறைத்தபோதும் இதே தொல்லை ஏற்பட்டது. குப்பையையும் சேற்றையும் அகற்றி, மெதுவாக, அளவாக இறைக்க வேண்டும்.

பிறகு குளோரின். அதையும் கை நிறைய அள்ளிப் போடக்கூடாது. கிணற்றின் விட்டத்தை மீற்றரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 785 ஆலும் பெருக்கினால் லீற்றர் கணக்கு வரும். விட்டம் 1.2 மீற்றர், நீர் 2 மீற்றர் என்றால் ஏறத்தாழ 2,260 லீற்றர். (உருளையின் கனவளவு எதற்கு என்று கேட்கும் தங்கைமாருக்கு இதோ பதில்.) இந்தக் கணக்கைச் சொன்னால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எவ்வளவு தூள் போடுவதென்று சொல்வார். கிணறு சரியாகும்வரை குடிநீரைக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும். குடிநீரைக் கொதிக்கவைக்கும் வீடுகளும் வுழுவை மறந்துவிடுகின்றன. வாய் கொப்பளிக்கிறோம், மூக்குக்கும் நீர் செலுத்துகிறோம். சிறு பிள்ளைகள் ஒரு மிடறு விழுங்கியும் விடுவார்கள். அதற்கும் ஆறவைத்த நீரை ஒரு வாளியில் வைத்துக்கொள்ளலாம்.

கிணற்றடியைத் துப்புரவாக்க வெறுங்காலோடு சேற்றில் இறங்குவது இன்னோர் ஆபத்து. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து லெப்டோஸ்பைரா பற்றீரியா கால் வெடிப்பு, காயம், கண், மூக்கு, வாய் வழியாக உடம்புக்குள் போகிறது. இதுதான் எலிக்காய்ச்சல். 2008 இல் நம் நாட்டில் 7,000 இற்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் என்று பதிவானது. 200 பேர் வரையில் இறந்தனர். நோயரும்பு காலம் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்கள். அதற்குள் சேற்றை நாம் மறந்திருப்போம். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் இருந்தால், சிறுநீர் குறைந்தால், பனடோலோடு படுத்திருக்கக் கூடாது. வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் “சேற்றில் இறங்கினேன்” என்று நாமே முதலில் சொல்ல வேண்டும். வயலுக்குப் போகும் வாப்பாமாருக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் தடுப்பு மாத்திரை உண்டு. அது தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விதைப்புக்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம்.