சொட்டுவது கீழே, நோய் மேலே

எங்கள் அடுக்ககத்தின் தரைக்கீழ்த் தளத்தில் 14-ஆம் எண் இடத்தில் நிற்கும் காரின் பானட்டில் வெள்ளைக் கோடுகள் விழுந்திருந்தன. துடைத்தால் போகவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் விரல் நீளத்துக்குச் சுண்ணாம்பு விழுது ஒன்று தொங்கியது. அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. மழை விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. நான்கு நாள் கழித்தும் சொட்டுகிறதென்றால் தண்ணீர் எங்கோ தேங்கி நிற்கிறது என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரிய எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன.

கட்டடம் 1998-இல் கட்டியது, திருவான்மியூர்க் கடற்கரைக்குப் பக்கம். கீழே கார் நிறுத்தம், அதன் கூரைமேல் தோட்டமும் வண்டிப் பாதையும், அதற்கு மேல் ஐந்து மாடிகள். சங்கச் செயலாளர் பொறுப்பு எனக்கு வந்தபோது ஏற்கெனவே மூன்று முறை கீழிருந்து ‘கெமிக்கல்’ பூசி, வெள்ளையும் அடித்திருந்தார்கள். ஒவ்வொரு ஐப்பசியிலும் அது உப்புப் பூத்து உரிந்து விழுந்தது. பழைய கார் நிறுத்தம் உள்ள எந்த அடுக்ககத்துக்கும் பயன்படும் என்பதால், நாங்கள் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

இது அழகுப் பிரச்சினை அல்ல

2021 ஜூன் 24 அன்று அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் ‘சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத்’ என்ற 12 மாடிக் குடியிருப்பின் பெரும்பகுதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். அந்த இடிவுக்குப் பல காரணங்கள் ஆராயப்பட்டன. ஆனால் 2018-லேயே ஒரு பொறியாளர் அறிக்கை கொடுத்திருந்தார்: கார் நிறுத்தத்துக்கு மேலிருந்த நீச்சல்குளத் தளத்தின் நீர்த்தடுப்பு கெட்டுவிட்டது, தளம் வாட்டமில்லாமல் தட்டையாக இருப்பதால் தண்ணீர் வடியவில்லை, அதன் கீழுள்ள கான்கிரீட் பெரிதும் சேதமாகியிருக்கிறது என்று. கனடாவின் எலியட் லேக்கில் ஒரு வணிக வளாகம் 1980-இல் திறந்ததிலிருந்தே அதன் மாடிக் கார் நிறுத்தம் ஒழுகியது. வாளி வைத்துப் பிடித்தார்கள், தார்ப்பாய் கட்டினார்கள். 2012 ஜூன் 23 அன்று துருப்பிடித்த எஃகு இணைப்பு விட்டுப்போய்த் தளம் இடிந்தது. இரண்டு பேர் இறந்தார்கள்.

இந்த இரண்டையும் பொதுக்குழுவில் சொன்னேன். அதுவரை ‘கார் பெயின்ட்’ பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அன்றுதான் கட்டடத்தைப் பற்றிப் பேசினார்கள். மேல்மாடிக்காரர் ஒருவர், “எனக்குக் காரே கிடையாது, நான் ஏன் பணம் கொடுக்கணும்?” என்று கேட்டார். நாங்கள் அமர்த்திய பொறியாளர் அவரைக் கீழே அழைத்துப்போய் ஒரு தூணைக் காட்டினார். “சார், உங்க வீட்டைத் தாங்குற தூண் இங்கதான் நிக்குது.” அதற்குப் பிறகு அந்தக் கேள்வி எழவில்லை.

தண்ணீரின் வழியை முதலில் தேடுங்கள்

எங்களுக்கு வழி காட்டியவர் பல ஆண்டுகளாக எங்கள் கட்டடத்தில் வேலை பார்த்த மேஸ்திரி. “கீழயே பூசிக்கிட்டிருக்கோம் சார். ஒரு தடவை மேல தண்ணி நிறுத்திப் பாருங்க. எங்க இறங்குதுன்னு அதுவே காட்டிக் கொடுக்கும்” என்றார்.

மேல்தளத்தில் பகுதி பகுதியாகச் சாந்தால் பாத்தி கட்டி, ஒரு நேரத்தில் ஒரு பாத்தியில் மட்டும் தண்ணீர் நிறுத்தினோம். கீழே ஒருவர் டார்ச்சோடு நின்றார். முதல் இரண்டு பாத்திகளில் மாற்றமே இல்லை. மூன்றாவது, இரண்டு தளங்கள் சேரும் விரிவு இணைப்பின் ஓரம். நாற்பது நிமிடத்தில் 14-ஆம் எண்ணுக்கு மேல் சொட்டின் வேகம் கூடியது. இணைப்புக்கும் சொட்டும் இடத்துக்கும் நடுவே நான்கு மீட்டர் இருக்கும். ஓட்டுக்குக் கீழே, பழைய செங்கல் ஜல்லிக் கலவைக்குள்ளேயே தண்ணீர் ஓடி, கான்கிரீட்டில் எங்கே விரிசல் கிடைத்ததோ அங்கே இறங்கியிருக்கிறது. சொட்டும் இடத்தில் மட்டும் அடைத்தால் அது அடுத்த விரிசலைத் தேடிப் போகும். மூன்று முறை பணம் கொடுத்து நாங்கள் அதைத்தான் செய்திருந்தோம்.

கூரையில் தொங்கிய வெள்ளை விழுதின் பொருளும் அன்று தெரிந்தது. கான்கிரீட்டுக்குள் இறங்கும் தண்ணீர் அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. காற்று பட்டதும் அது இறுகித் தொங்குகிறது. விழுது தொங்கும் இடமெல்லாம் தண்ணீர் நெடுநாளாக நடக்கும் பாதை. அவற்றை உடைத்தெறிவதற்கு முன் ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறித்துவையுங்கள்.

தட்டுங்கள், சோதியுங்கள்

சிறிய சுத்தியலால் கூரையையும் பீம்களையும் தூண்களையும் அடிக்கு அடி தட்டினோம். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விட்டுப்போன இடம் காலிப்பானையைப் போல ஒலிக்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டோம். கண்ணுக்குத் தெரிந்த சேதத்தைவிட வட்டங்கள் மிக அதிகம்.

பிறகு பொறியாளர் புதிதாக உடைத்த கான்கிரீட்டில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தார். காரத்தன்மை உள்ள நல்ல கான்கிரீட் உடனே அடர் இளஞ்சிவப்பாகும். காற்றிலுள்ள கரியமிலவாயு ஏறி காரம் போன பகுதி நிறம் மாறாது. எங்கள் தளத்தில் வெளி விளிம்பிலிருந்து 25 மி.மீ. வரை நிறமே வரவில்லை. கம்பியோ 15 மி.மீ. ஆழத்தில் கிடந்தது. கம்பியைக் காப்பது அந்தக் காரம்தான். அது போனபின் ஈரமும் உப்புக்காற்றும் சேர்ந்தால் துருப்பிடிக்காமல் இருக்காது. துரு, இரும்பைப்போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த உப்பல்தான் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. 2000-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 456 விதிநூல், கடலோரம் போன்ற கடுமையான சூழலில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடல் (கவர்) கேட்கிறது. நம்மூர்ப் பழைய கட்டடங்கள் பலவற்றில் அது கிடையாது.

இந்தச் சோதனைகளை ஒப்பந்தக்காரரிடம் விடாதீர்கள். வேலை எடுப்பவரே நோயையும் சொன்னால், அவர் விற்கும் மருந்துக்கேற்ற நோயாகத்தான் இருக்கும். தனியாக ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வையுங்கள். மொத்தச் செலவில் அவர் கட்டணம் சிறு பங்குதான்.

முட்டுக் கொடுக்காமல் உளியை எடுக்காதீர்கள்

முதல் நாளே ஆட்கள் கொத்த ஆரம்பிக்கப் பார்த்தார்கள். பொறியாளர் நிறுத்திவிட்டார். கொத்தும்போது தளம் தன் பலத்தில் ஒரு பகுதியை இழக்கிறது. மேலே தோட்டத்து மண் அப்படியே கிடக்கிறது. நனைந்த மண் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,800 கிலோ. அரை மீட்டர் உயரம் என்றால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 900 கிலோ உட்கார்ந்திருக்கிறது. மண்ணை அள்ளி, வரிசையாக ஜாக்கி முட்டுக் கொடுத்த பிறகே உளி பட்டது. எட்டு எட்டு இடங்களாகக் காலி செய்து வேலை நடந்தது. அந்தப் பகுதியின் விளக்கு இணைப்பையும் துண்டித்தோம். தண்ணீர் ஒயர் குழாய் வழியாக விளக்குக்குள்ளும் இறங்கியிருந்தது.

கம்பிக்குப் பின்னாலும் கொத்துங்கள்

தெரியும் பக்கத்துத் துருவைத் தேய்த்துவிட்டு மூடினால் பின்பக்கத்துத் துரு தன் வேலையைத் தொடரும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு, சுமார் 20 மி.மீ., இடம் விட்டுக் கொத்த வேண்டும். பழுதின் ஓரங்களை மெஷினால் நேராக வெட்ட வேண்டும். ஓரம் இறகுபோல் மெலிந்தால் ஒட்டுச் சாந்து அங்கிருந்துதான் உரியும்.

ஓரிடத்தில் கம்பியை நகத்தால் சுரண்டினேன். ஏடு ஏடாக வந்தது. சுத்தம் செய்து அளந்தால் 10 மி.மீ. கம்பி 8 மி.மீ. ஆகியிருந்தது. ஐந்தில் ஒரு பங்குதான் போயிருக்கிறது என்று நினைத்தேன். பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார்: கம்பியின் பலம் அதன் பரப்பில் இருக்கிறது, பரப்பில் 36 சதவீதம் போய்விட்டது. அங்கெல்லாம் புதுக்கம்பி சேர்த்தோம்.

கடற்காற்று எவ்வளவு வேகமானது என்பதையும் கண்ணால் பார்த்தேன். ஒரு மாலை, தேய்த்துப் பளபளத்த கம்பிகளுக்கு பிரைமர் அடிக்காமல் போய்விட்டார்கள். மறுநாள் காலை அவை செம்மஞ்சளாக இருந்தன. மறுபடி தேய்க்க வைத்தோம். தேய்த்த அன்றே துத்தநாக பிரைமர் அடித்தாக வேண்டும். அதன்பின் ஒட்டுப்பூச்சு, பிறகு பாலிமர் சாந்து. ஆழமான இடங்களில் பலகை அடைத்து மைக்ரோ கான்கிரீட். கலவைக்கோ கியூரிங்குக்கோ உப்பேறிய போர்வெல் தண்ணீரைத் தொடவிடாதீர்கள். துருவுக்குக் காரணமான உப்பை நாமே உள்ளே வைத்ததாகிவிடும்.

உப்பு ஏறிய கான்கிரீட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒட்டிய இடம் நன்றாக இருக்க, அதைச் சுற்றியுள்ள பழைய கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். அதற்காக ஒட்டின் ஓரங்களில் கம்பியோடு சிறு துத்தநாகக் கட்டிகளைக் கட்டினார்கள். கம்பிக்குப் பதிலாக அவை அரித்துப்போகும்.

விரிசல்களுக்கும் மருந்து ஒன்றல்ல. அசையாத, உலர்ந்த விரிசலுக்கு எபாக்சி. ஈரம் கசிந்துகொண்டிருப்பதற்கு பாலியூரித்தேன். மாற்றிச் செலுத்தினால் பணம் வீண்.

மேல்தளத்தில்தான் முழு வேலை

விரிவு இணைப்பைத் திறந்தபோது உள்ளே சிமென்ட் சாந்து அடைத்திருந்தது. சாந்தின் நடுவே பிளந்துகொண்டு ஓர் அரசங்கன்றின் வேர், சுட்டுவிரல் தடிமனில். யாரோ ஒருமுறை ‘ஒழுகலை நிறுத்த’ அடைத்த சாந்து அது. முப்பது மீட்டர் தளம், 20 டிகிரி வெயில் ஏறியிறங்கினால் சுமார் 6 மி.மீ. நீண்டு சுருங்கும். அந்த அசைவுக்காகவே விட்ட இடைவெளியில் சிமென்ட் எப்படி நிற்கும்? வேரை எடுத்து, நுரைக்கயிறு வைத்து, மேலே நீளக்கூடிய சீலன்ட் நிரப்பினோம். சீலன்டின் ஆழம் அகலத்தில் பாதிதான் இருக்க வேண்டும். அது இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும், அடியில் ஒட்டக் கூடாது.

அடுத்தது வாட்டம். ஓடு, பழைய கலவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மழைநீர்க் குழாயின் வாயை நோக்கி நூற்றுக்கு ஒன்று வாட்டம் கொடுத்தோம். பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர். நல்ல வாட்டத்தில் சுமாரான நீர்த்தடுப்பும் பல காலம் தாங்கும். தண்ணீர் நிற்கும் தளத்தில் விலையுயர்ந்ததும் தோற்கும்.

தளம் நன்றாகக் காய்ந்த பிறகே நீர்த்தடுப்புச் சவ்வு. அதனால் சென்னையில் இந்த வேலைக்கு மாசியிலிருந்து வைகாசி வரைதான் காலம். சவ்வைச் சுவரோரம் 15 செ.மீ.க்குக் குறையாமல் மேலே ஏற்ற வேண்டும். மூலைகளைச் சாந்தால் சரிவாக்கினால்தான் சவ்வு மடியாது. தோட்டப் பகுதியில் வேர்த்தடுப்பு விரிப்பு, வண்டிப் பாதையில் சவ்வுக்கு மேல் காப்புக் கான்கிரீட். பெரிய மரங்களை வெளி மண்ணுக்கு மாற்றிவிட்டுத் தளத்தில் வேர் ஆழமில்லாத செடிகளை மட்டும் வைத்தோம்.

தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகு மூடுங்கள்

காப்புக் கான்கிரீட் போடுமுன் குழாய் வாய்களை அடைத்து, 48 மணி நேரம் இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தினோம். இரண்டாம் நாள் இரவு கீழே ஒரு குழாயைச் சுற்றி ஈரம் தெரிந்தது. குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் சவ்வு சரியாக ஒட்டவில்லை. அரைநாளில் சரிசெய்தார்கள். மூடிய பிறகு தெரிந்திருந்தால் மறுபடி எல்லாவற்றையும் உடைத்திருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி மூன்று சொல்கிறேன். மொத்தத் தொகையாகப் பேசாமல், ஒவ்வொரு வேலைக்கும் அளவுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். கொத்தக் கொத்தப் பழுது பெருகும். எங்களுக்குக் கணித்ததைப்போல ஒன்றரை மடங்கு வந்தது, ஆகவே கையில் கூடுதல் நிதி வேண்டும். கடைசிப் பத்து சதவீதத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும் வரை பிடித்துவையுங்கள்.

மிக்ஜாம் வந்த இரவு

வேலை முடிந்தது 2023 ஆனியில். அந்த டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. தெருத் தண்ணீர் சரிவுப் பாதையின் வாயில் நாங்கள் உயர்த்திக் கட்டிய மேடு வரை வந்து முட்டியது. மின்சாரம் போனது. சம்ப் மோட்டாரை ஜெனரேட்டரோடு இணைத்திருந்தோம், ஜெனரேட்டரும் தரைக்கு மேலே இருந்தது. அந்த இரண்டு ஏற்பாடும் இல்லாதிருந்தால் மற்ற வேலையெல்லாம் அன்று தண்ணீருக்குள் கிடந்திருக்கும்.

நள்ளிரவில் டார்ச்சோடு கீழே இறங்கினேன். தாழ்ந்த மூலையில் இரண்டு அங்குலத் தண்ணீர், மோட்டார் இழுத்துக்கொண்டிருந்தது. 14-ஆம் எண்ணில் நின்று கூரையைத் தொட்டேன். கையில் ஒட்டியது தூசி மட்டும்.

இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், ஒரு சுத்தியலோடும் நோட்டோடும் கீழே ஒரு சுற்று வருகிறோம். தேதி, இடத்தின் எண், ஈரம், ஒலி என்று நான்கு கட்டங்கள். மழைநீர்க் குழாய் வாய்களில் அடைத்த இலையை அள்ளுகிறோம், முளைத்த அரசங்கன்றை அன்றே பிடுங்குகிறோம். பொறுப்பை ஒப்படைத்த நாளில் கணக்குப் புத்தகத்தோடு அந்தச் சுத்தியலையும் நோட்டையும் புதிய செயலாளரிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தில் எழுதியிருப்பது ஒரே வரி: மழை விட்டு நான்காம் நாள் கீழே போய்ப் பார்க்கவும்.