எந்தப் பொதியைச் சுமப்பது?

இலங்கையின் வாகரைப் பக்கத்து மாங்கேணியில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பையன் ஒருவனை அவனுடைய தாய் என்னிடம் கூட்டிவந்தார். "சேர், இவன்ட கூட்டாளி ஓப்பன் சோர்ஸ்ல நாப்பது வேலை செஞ்சி சேர்டிபிகட்டும் எடுத்திட்டான். இவன் போனோட படுத்துக் கிடக்கான். இவனுக்கும் ஒரு வழி காட்டுங்க" என்றார். ஓப்பன் சோர்ஸ் என்பது யாரும் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய மென்பொருள். கூட்டாளி அனுப்பிய அந்த நாற்பது திருத்தங்களையும் திறந்து பார்த்தேன். ஒன்றில் காற்புள்ளி கூட்டியிருந்தான். இன்னொன்றில் தன் பெயரை எழுதியிருந்தான். பெரும்பாலானவை ஏற்கப்படாமலே மூடப்பட்டிருந்தன. அந்த நாற்பதால் எந்த மென்பொருளும் முன்னைவிட நன்றாக ஓடவில்லை. இந்த வழியில் பிள்ளைகள் தள்ளப்படுவதைத் திரும்பத் திரும்பக் காண்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பங்களிக்க விரும்பும் புதியவருக்கு நான் சொல்லும் இடம் பொதி மேலாளர்கள். ஒரு கட்டளையில் மென்பொருளை இறக்கி, அதற்குத் தேவையான துணை நிரல்களையும் சேர்த்து நிறுவித் தருபவை இவை. கட்டளைக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். மூல ஆசிரியர் புதிய பதிப்பு வெளியிட்டதைக் கவனித்து, செய்முறைக் கோப்பில் பதிப்பு எண்ணையும் சரிபார்ப்புத் தொகையையும் மாற்றி, கட்டிப் பார்த்து, உடைந்தால் ஒட்டுப்போட்டு அனுப்புகிறார்கள். முக்கியமான பலவற்றில் இவர்கள் தன்னார்வலர்கள்.

எங்கே சேர்வது? 1993இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் பெரிய வீடு. 2023இல் வந்த அதன் 12ஆம் பதிப்பில் 64,000க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. ஆனால் வாசல் ஒடுக்கம். உங்கள் பொதியை ஏற்கெனவே உரிமை பெற்ற ஒருவர் பார்த்துப் பொறுப்பேற்று ஏற்றவேண்டும். ஆங்கில விதிநூல்களை ஆறுதலாக வாசிக்கக்கூடியவருக்கு அது நல்ல பள்ளிக்கூடம். 2009இல் மக்ஸ் ஹவல் தொடங்கிய ஹோம்ப்ரூ பொதி மேலாளர் முதலில் மக் கணினிகளுக்கு மட்டும் இருந்தது. 2019இலிருந்து லினக்ஸிலும் முறைப்படி ஓடுகிறது. பழைய பொதியொன்றைப் புதுப்பிக்க அதில் ஒரே கட்டளை போதும், சோதனைகளைத் தானியங்கிகள் செய்துவிடும். லப்டொப் இருப்பவர் அங்கே போகலாம். நிக்ஸ் என்ற பொதி மேலாளர் அருமையான சிந்தனைதான், ஆனால் தனி மொழியொன்றையே கற்கவேண்டும். முதல் வருடத்தில் வேண்டாம்.

என் மனம் சாய்வது டெர்மக்ஸ் பக்கம். 2015இல் தொடங்கிய இது அண்ட்ரொய்ட் போனுக்குள் லினக்ஸ் முனையத்தைத் தருகிறது. வாகரைப் பக்கத்துப் பிள்ளையிடம் லப்டொப் இல்லாமலிருக்கலாம், போன் இருக்கும். எஃப்-டிராய்ட் களஞ்சியத்திலிருந்து இறக்குங்கள். அண்ட்ரொய்டின் அடிப்படை சி நூலகம் வேறு, கோப்புறைகளின் வழியும் வேறு. அதனால் சாதாரண லினக்ஸில் ஓடும் மென்பொருள் இங்கே அப்படியே ஓடாது. ஏன் ஓடவில்லை என்று தேடுவதில்தான் பாடமே இருக்கிறது. போனிலேயே செய்முறைக் கோப்பைத் திருத்தி அனுப்பினால், நான்கு வகைப் புரொசெசர்களுக்கும் டெர்மக்ஸைப் பராமரிப்பவர்களுடைய இயந்திரங்கள் கட்டிப் பார்த்துச் சொல்லும். நான் தொடங்கியதும் இப்படித்தான். என் முதல் திருத்தம் மூன்று தடவை திரும்பி வந்தது. மூன்றாம் தடவை, பழைய 32 பிட் போனில் ஓடுகிறதா என்று கேட்டார்கள். என்னிடம் இருந்ததே அதுதான். அன்று இரவு கற்றதை எந்த டியூசன் வகுப்பும் எனக்குத் தந்ததில்லை.

இனி அந்த நாற்பதின் வழி. அக்டோபர் மாதத்தில் சில மாற்றங்கள் அனுப்பினால் ரீசேட் தந்துவந்த ஹக்டோபர்ஃபெஸ்ட் விழா 2014இல் நல்ல எண்ணத்தோடு தொடங்கியது. 2020இல் குப்பை மாற்றங்கள் வெள்ளமாக வந்து பராமரிப்பவர்கள் திணறினார்கள். விழா நடந்துகொண்டிருக்கும்போதே விதியை மாற்றி, விரும்பிச் சேரும் திட்டங்களை மட்டும் கணக்கெடுக்கவேண்டி வந்தது. 2024இன் தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற இணைய நிரல் திட்டத்துக்கும் இதே போன்ற வெள்ளம் வந்தது. காணொளிப் பாடமொன்றைப் பார்த்த மாணவர்கள் அதன் முன்னுரைக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்க்க வரிசையாக விண்ணப்பித்தார்கள். ஒவ்வொன்றையும் திறந்து, வாசித்து, மூட ஒரு மனிதர் தேவை. அவர் வேலை முடித்து வீடு வந்து, பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு உட்கார்ந்திருப்பவர். அவருடைய அந்த ஒரு மணித்தியாலத்தைத்தான் இந்த வழி தின்கிறது.

உங்களுக்கும் அதில் நட்டம். வேலைக்கு எடுப்பவர் உங்கள் பங்களிப்புப் பக்கத்தைத் திறந்தால் மூடப்பட்ட நாற்பதும் அங்கே இருக்கும். நகரத்துப் பயிற்சி நிலையமொன்று மூன்று மாதத்தில் "ஓப்பன் சோர்ஸ் சான்றிதழ்" தருவதாகப் பிரசுரம் விட்டது. என் உறவுக்காரப் பிள்ளை தாயின் காப்பை அடகு வைத்துச் சேர்ந்தாள். பாடம் முழுவதும் எண்ணிக்கை கூட்டும் உத்தி. அவள் நல்ல கெட்டிக்காரி, அந்த மூன்று மாதம் வீணானதை என்னால் இன்னும் பொறுக்கமுடியவில்லை. பெற்றோரே, காசு கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: படித்து முடித்தவர்கள் இன்று எந்தப் பொதியைப் பராமரிக்கிறார்கள்?

எண்ணிக்கைக்காக அல்லாமல் தேவைக்காக எழுதுவதில் இந்த நாட்டுக்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2004 சுனாமி நம் கரையை அடித்துச் சென்ற சில வாரங்களுக்குள், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிய, இலங்கைத் தன்னார்வலர்கள் சகானா மென்பொருளை எழுதினார்கள். 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருது அதற்குக் கிடைத்தது. எழுதத் தொடங்கியபோது அவர்கள் கண்முன் இருந்தது கடற்கரை முகாம்களின் தேவை.

நீங்கள் அனுப்பும் திருத்தத்துக்குப் பதில் வரத் தாமதமானால் அவமதிப்பென்று எண்ணவேண்டாம், பராமரிப்பவர்களின் எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலில் கள்ளக்கதவு பிடிபட்டது. அதை வைத்தவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல பிள்ளையாக உதவி, களைத்துப்போன ஒரே பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றிருந்தார். அதன்பின் புதியவர்களைக் கூர்ந்து பார்க்காமல் யார் இருப்பார்கள்? அதைக் கண்டுபிடித்த அண்ட்ரெஸ் ஃப்ராயின்ட், தொலைக்கணினியில் நுழைய அரை வினாடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று தேடத் தொடங்கியவர். அரை வினாடியை விடாத அந்தக் குணம் உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கணிதப் பிரிவில் படித்ததோ கலைப் பிரிவில் படித்ததோ இதற்குப் பொருட்டல்ல. கிழிந்த வலையைக் கண் கண்ணாகப் பின்னும் பொறுமை உங்கள் வீட்டிலேயே யாரிடமாவது இருக்கும். அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

அந்தப் பையனுக்கு ஒரு வேலை மட்டும் கொடுத்தேன். டெர்மக்ஸின் முறைப்பாட்டுப் பட்டியலில் யாரும் பதில் எழுதாத ஒன்றை எடுத்து, தன் போனில் அதே பிழை வருகிறதா என்று செய்து பார்த்து, போனின் மாதிரியையும் அண்ட்ரொய்ட் பதிப்பையும் முழுப் பிழைச்செய்தியையும் எழுதச் சொன்னேன். முதல் இரண்டு முறைப்பாடுகளிலும் அவனுக்குப் பிழை வரவில்லை, அதையும் எழுதினான். மூன்றாவதில் வந்தது. "இதுக்குச் சேர்டிபிகட் தருவாங்களா சேர்?" என்று தாய் கேட்டார். தரமாட்டார்கள் என்றேன். பையன் தலை நிமிரவில்லை, நான்காவதைத் திறந்துகொண்டிருந்தான்.