கோல் விழாமல் காப்பவர்



பெங்களூரு ஜீவனஹள்ளியில் தினமும் மாலையில் எங்கள் படிப்பு வட்டம் கூடும். ஒரு நாள் ஓர் அக்கா கையில் ஒரு தாளோடு வந்தார். அவர் வீட்டு வேலை செய்பவர். முகம் வாடியிருந்தது.

"டீச்சர், என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். எந்நேரமும் கால்பந்துதான். இப்போ பயிற்சி முகாமில் சேரணுமாம். ஐயாயிரம் ரூபாய் கட்டணுமாம். இந்தத் தாளில் கையெழுத்துப் போடச் சொல்றான். ஆனா அவன் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. பின்னாலேயே நிக்கிறான். அதுக்கு எதுக்கு ஐயாயிரம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஐயாயிரம் ரூபாய் அவருக்குச் சின்னப் பணம் இல்லை.

அன்று எங்கள் பாடம் கால்பந்து ஆயிற்று.

பின்னால் நிற்பவர் யார்?

கால்பந்தில் ஓர் அணிக்கு 11 பேர். ஒருவர் கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்பார். அவர் கோல் காப்பாளர். அவருக்கு முன்னால் மூன்று, நான்கு பேர் நிற்பார்கள். அவர்கள் தடுப்பு ஆட்டக்காரர்கள். எதிர் அணி பந்தோடு வரும். அதை மறித்து நிறுத்துவது இவர்கள் வேலை.

வயலுக்கு வேலி மாதிரி இவர்கள். வேலி கதிர் விடாது. ஆனால் வேலி இல்லாவிட்டால் கதிர் வீடு வந்து சேராது.

பிரேசில் நாட்டுக்காரர்

பிரேசில் தென் அமெரிக்காவில் உள்ள பெரிய நாடு. அங்கே போர்ச்சுகீசிய மொழி பேசுகிறார்கள். உலகக் கோப்பைக் கால்பந்தில் பிரேசில் ஐந்து முறை வென்றது. 1958, 1962, 1970, 1994, 2002 ஆகியவை அந்த ஆண்டுகள்.

நம் ஊர் கௌதமபுரத்தில் பெலேயின் சிலை இருக்கிறது. அவர் பிரேசிலின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். நிறைய கோல் போட்டவர். கோல் போட்டவருக்குச் சிலை உண்டு. தடுத்தவர் பெயர் பலருக்குத் தெரியாது.

அப்படி ஒருவரைப் பற்றிப் படிப்போம். அவர் பெயர் மெயில்சன் ஆல்வ்ஸ். அவரும் பிரேசில்காரர். தடுப்பு ஆட்டக்காரர். சென்னையின் எஃப்.சி. அணிக்காக விளையாட இந்தியாவுக்கு வந்தார். 2015ஆம் ஆண்டு அந்த அணி இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம். சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதி ஆட்டத்தைப் புனேவில் ஆடினார்கள். அதில் வென்று, கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்திலும் வென்றார்கள். ஆல்வ்ஸ் அந்த அணியில் இருந்தார்.

நம் ஊரில் நடந்த ஆட்டம்

2018 மார்ச் 17. இடம், பெங்களூரு கண்டீரவா மைதானம். இறுதி ஆட்டம். பெங்களூரு அணியும் சென்னை அணியும் மோதின. லீக் ஆட்டங்களில் பெங்களூரு 40 புள்ளிகள் எடுத்து முதலிடத்தில் இருந்தது. சென்னைக்கு 32 புள்ளிகள். ஊரும் பெங்களூரு, கூட்டமும் பெங்களூருக் கூட்டம்.

9ஆம் நிமிடம். பெங்களூரு வீரர் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டினார். கோல்! மைதானமே அதிர்ந்தது.

17ஆம் நிமிடம். சென்னைக்கு மூலை உதை கிடைத்தது. மூலை உதை என்றால் என்ன? தடுப்பவர் மேல் பட்டு, பந்து கோல் எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போகும். அப்போது எதிர் அணிக்கு மைதானத்தின் மூலையிலிருந்து பந்தை உதைக்க வாய்ப்பு தருவார்கள். அந்த நேரத்தில் தலையால் முட்டத் தெரிந்த தடுப்பு ஆட்டக்காரர்கள் முன்னால் ஓடி வருவார்கள். அப்படித்தான் ஆல்வ்ஸ் வந்தார். கிரெகரி நெல்சன் மூலையிலிருந்து உதைத்தார். ஆல்வ்ஸ் எழும்பித் தலையால் முட்டினார். 1-1.

45ஆம் நிமிடம். மறுபடியும் மூலை உதை. உதைத்தவர் நெல்சன். முட்டியவர் ஆல்வ்ஸ். 2-1.

67ஆம் நிமிடம். இன்னொரு பிரேசில்காரர் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது கோலைப் போட்டார். கடைசியில் பெங்களூரு வீரர் மிக்கு ஒரு கோல் போட்டார். ஆனாலும் சென்னை 3-2 என்று வென்றது. பின்னால் நிற்பவர் அன்று இரண்டு கோல் போட்டார்!

ஏற்றமும் இறக்கமும்

அடுத்த பருவத்தில் ஆல்வ்ஸ் அணித் தலைவர் ஆனார். ஆனால் அணி தோல்வி மேல் தோல்வி கண்டது. 18 லீக் ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்றது. பத்து அணிகளில் பத்தாவது இடம். போன ஆண்டு கோப்பை வாங்கிய அணிதான் அது.

விளையாட்டுத் தொழிலில் இப்படியும் நடக்கும். இதைத் தொழிலாகக் கொண்டவர் கிளப்போடு ஒப்பந்தம் போடுவார். எத்தனை நாள் ஆட வேண்டும், சம்பளம் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். ஒப்பந்தம் முடிந்தால் வேறு கிளப் தேட வேண்டும். கால் முறிந்தால் பிழைப்பும் போகலாம். பெரும்பாலும் 35 வயதுக்குள் ஆட்டம் முடிந்துவிடும். பிறகு படிப்பும் வேறு வேலையும்தான் கைகொடுக்கும். ஆடுபவர்கள் ஆயிரம் பேர் என்றால் இதில் சம்பளம் வாங்குபவர் மிகச் சிலரே.

அக்கா என்ன செய்தார்?

அக்கா தாளை விரித்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். அரை மணி நேரம் ஆனது. நான் உதவப் போனேன்.

"இருங்க டீச்சர், நானே படிக்கிறேன்" என்றார்.

ஐந்தாவது வரியில் நின்றார். "கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்று இருந்தது. பையனுக்கு அடிபட்டால் யார் மருத்துவம் பார்ப்பார்கள்? தாளில் எங்கும் இல்லை.

அக்கா அன்று கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் முகாமுக்குப் போனார். இந்த இரண்டையும் கேட்டார். பதிலை எழுதித் தரச் சொன்னார். "பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். போன வருடம் இதே அக்கா ரேஷன் கடையில் கைநாட்டு வைத்தவர்.

ஞாயிற்றுக்கிழமை மகன் ஆடுவதைப் பார்க்க முதல் முறையாகப் போனார். எதிர் அணிப் பையன் பந்தோடு வேகமாக வந்தான். மகன் குறுக்கே போய்ப் பந்தைத் தட்டிவிட்டான். யாரும் கை தட்டவில்லை. அக்கா மட்டும் எழுந்து நின்று கை தட்டினார்.

அந்தத் தாள் இன்னும் அவர் வீட்டில் கையெழுத்து இல்லாமல் இருக்கிறது. பையன் பள்ளிக்கும் போகிறான். மாலையில் தெரு மைதானத்தில் ஆடுகிறான்.

பேசிப் பார்ப்போம்

1. தடுப்பு ஆட்டக்காரரின் வேலை என்ன?
2. லீக் ஆட்டங்களில் பெங்களூரு, சென்னையைவிட எத்தனை புள்ளிகள் அதிகம் எடுத்தது?
3. உங்கள் வீட்டில், தெருவில், வேலை செய்யும் இடத்தில் பெயர் தெரியாமல் காத்து நிற்பவர் யார்?
4. கையெழுத்துப் போடும் முன் நீங்கள் என்னென்ன கேட்பீர்கள்? மூன்று வரிகள் எழுதுங்கள்.