இன்சுலின் தரும் செய்தி

உண்ணும் சோறும் சப்பாத்தியும் செரித்தபின் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. உடலுக்கு ஆற்றல் அளிக்கும் இச்சர்க்கரை, அளவுக்கு மிஞ்சினால் கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் ஆகியவற்றைக் கெடுக்கிறது. எட்டு மணி நேரம் உண்ணாதிருந்து சோதிக்கும்போது, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 70 முதல் 100 மில்லிகிராம் வரை இருத்தல் இயல்பு. 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறுசோதனையிலும் அது உறுதிப்பட்டால் நீரிழிவு எனக் கொள்ளப்படுகிறது.

இவ்வளவைக் காப்பதில் முதன்மையானது இன்சுலின். உணவுக்குப்பின் சர்க்கரை உயர்ந்ததும், கணையத்திலுள்ள பீட்டா அணுக்கள் இதனைச் சுரக்கின்றன. தசை அணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி என்னும் புரதத்தில் இன்சுலின் பொருந்துகிறது. உடனே அணுவின் உள்ளே ஒரு புரதம் மற்றொன்றைத் தூண்ட, செய்தி தொடர்ந்து செல்கிறது. முடிவில், உள்ளே ஒதுங்கியிருந்த சர்க்கரை கடத்திகள் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே ஏற்கின்றன. அதே வேளையில் கல்லீரல், சர்க்கரையை வெளிவிடுவதைக் குறைத்துச் சேமிக்கத் தொடங்குகிறது.

இவ்வேற்பாடு இரு வகைகளில் பழுதுபடுகிறது. முதல் வகை நீரிழிவில், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே பீட்டா அணுக்களை அழித்துவிடுகிறது. செய்தியை அனுப்புவோரே இல்லை. 1921இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வரை, இந்நோய் கண்ட சிறுவர்கள் பிழைப்பது அரிது.

பெரும்பாலோரைத் தாக்குவது இரண்டாம் வகை. இதில் செய்தி வருகிறது; அணுக்கள் அதற்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. கல்லீரலிலும் தசையிலும் சேரும் கொழுப்பு இதற்கு ஒரு முக்கிய காரணம். குறையை ஈடுசெய்யக் கணையம் மேலும் மேலும் சுரப்பதால், பல ஆண்டுகள் சர்க்கரை இயல்பாகவே தோன்றும். கணையம் தளரும்போதுதான் நோய் வெளிப்படுகிறது.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்னிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. இம்முன்னிலையிலேயே தடுப்புக்கு வாய்ப்பு மிகுதி. இயங்கும் தசை, இன்சுலினின் செய்தியின்றியே கடத்திகளை மேற்பரப்புக்குக் கொணர்கிறது. ஆகவே நாள்தோறும் விரைந்து நடப்பது பழுதான பாதைக்கு ஒரு மாற்றுப்பாதை ஆகும். அரசின் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் 30 வயது கடந்தோருக்கு இரத்தச் சர்க்கரைச் சோதனை வகுக்கப்பட்டுள்ளது. அறிகுறி தோன்றும் வரை காத்திராது இச்சோதனையைச் செய்துகொள்வது, கண்ணையும் சிறுநீரகத்தையும் காக்கும் முதற்படியாகும்.