கொள்ளை போகாத செல்வம்

பொருள் வேண்டாம் என்று நம் சமயம் ஒருபோதும் கூறவில்லை. சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்தில் இறைவனிடம் பொன் பெற்றார். அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். எடுத்த பொன்னில் மாற்றுக் குறைகின்றதே என்று முறையிடவும் செய்தார். அத்தகையவர் இராமேஸ்வரக் கரையில் நின்று நமது திருக்கேதீச்சரத்தைப் பாடியபோது பொன் கேட்கவில்லை. பாலாவிக் கரையையும் மாதோட்டத்தையும் அங்கு எழுந்தருளிய பெருமானையும் பாடி அமைந்தார். அவருக்கு முன்னே திருஞானசம்பந்தரும் அவ்வாறே பாடினார்.

இருவரும் கடல் கடந்து வரவில்லை என்பதை அடியார்கள் கவனிக்க வேண்டும். இராமேஸ்வரத்தில் நின்றால் மாதோட்டம் கண்ணுக்குத் தெரியாது. இடையே கடலும் நம் தீவும் கிடக்கின்றன. காணாத ஊரை உள்ளத்தால் கண்டு பாடிய பாடல்கள் அவை. அப்பாடல்கள் பின்னர் என்ன செய்தன என்பதையே இங்கு சொல்ல விரும்புகின்றேன்.

நம் மன்னார்க் கடல் பெருஞ்செல்வம் கொடுத்த கடல். முத்துக்குளிப்பின் கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு இருபத்தைந்து இலட்சம் ரூபாய் வருமானம் கிடைத்தது. மரிச்சுக்கட்டிக் கடற்கரையில் ஒரு கூடாரப் பட்டினமே எழுந்தது. அடுத்த ஆண்டு, 1906இல், ஒரு கம்பனி முத்துப்பார்களை இருபது வருடக் குத்தகைக்கு எடுத்தது. சில வருடங்களுக்குள் சிப்பி அற்றுப்போய்க் கம்பனியும் கலைந்தது. முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக ஆங்கிலத் தேசாதிபதி நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகையை நாம் அல்லிராணிக் கோட்டை என்கின்றோம். அதன் சுவர்களைக் கடல் அரித்துக்கொண்டிருக்கின்றது. பிள்ளைகளை ஒருமுறை கூட்டிச் சென்று காட்டுங்கள். அங்கு நின்றாலே போதும், விளக்கம் சொல்லத் தேவையில்லை.

திருக்கேதீச்சரக் கோயிலும் அழிந்ததுதான். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்த்துக்கேயர் அதனை இடித்தனர் என்றும், கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்றும் வழிவழியாகச் சொல்லுவர். கோயில் நின்ற இடம் காடு மூடிக் கிடந்தது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள்! கல் போயிற்று, காணி போயிற்று, பூசை போயிற்று. பாட்டு மாத்திரம் போகவில்லை. வீட்டிலும் கோயிலிலும் தேவாரம் ஓதியோர் கேதீச்சரம் என்ற பெயரைத் தம் நாவில் வைத்துக் காத்தனர். 1872இல் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர், பாடல் பெற்ற அத்தலம் பாழடைந்து கிடப்பதை எடுத்துக்காட்டிச் சைவ மக்களைத் தட்டி எழுப்பினார். 1879இல் அவர் சிவபதம் அடைந்தார். அவர் மூட்டிய நெருப்பு அணையவில்லை. 1893இல் அந்தக் காணி சைவர் கைக்கு வந்தது. 1894இல் காடு வெட்டி அகழ்ந்தபோது பழைய சிவலிங்கம் வெளிப்பட்டது. இன்று பாலாவித் தீர்த்தம் எடுத்துச் சென்று நம் கையாலேயே அபிஷேகம் செய்கின்றோமே, அந்த மகாலிங்கந்தான் அது.

இது பழங்கதைதானே என்று சிலர் எண்ணலாம். எமது வீட்டில் நடந்ததையும் சொல்கின்றேன்.

1990இல் நாங்கள் ஊரைவிட்டு ஓடினோம். பெரியம்மாவின் காப்பும் சங்கிலியும் வள்ளக்காரருக்குக் கொடுக்கும் கூலிக்கே போய்விட்டன. இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் ஓர் அறை கிடைத்தது. பெட்டியில் இருந்தவை இரண்டு சேலைகள், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், சில பயனற்ற தாள்கள், அவ்வளவே. பெரியம்மா பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் நம் கோயிலில் கந்தபுராணமும் திருவாதவூரடிகள் புராணமும் படிக்கும் காலத்தில் ஒருநாளும் தவறாமல் பயன் கேட்டவர். கேதீச்சரப் பதிகம் இரண்டும் அவருக்கு மனப்பாடம். மாலையில் முகாமின் கடற்கரைப் பக்கம் அமர்ந்து கிழக்கே பார்த்து அவற்றைப் பாடுவார். பக்கத்து அறைப் பிள்ளைகளும் வந்து அமர்ந்தனர். சம்பந்தர் பாடிய கரைக்கு அருகிலேயே நாங்களும் அவரைப்போலக் காணமுடியாத கேதீச்சரத்தை நோக்கி அமர்ந்திருக்கின்றோம் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. பசியும் வெறுப்பும் மூடியிருந்த காலம் அது. ஒருநாள் கோபத்தில், "பாடினால் அரிசி வருமா பெரியம்மா?" என்று கேட்டேன். "வராது மோனே. ஆனால் அரிசி வரும்வரைக்கும் நான் பிச்சைக்காரி இல்லை" என்றார்.

அதன்பின் நான் ஒரு கொப்பியில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு. பொருள் தெரியாத சொல்லைக் குறித்து வைத்து, தெரிந்தவரிடம் கேட்பேன். அவசரமாக நூறு பக்கம் வாசிப்பதிலும் இது மேலானது என்பது என் அனுபவம். ஒரு பாட்டை ஒருநாள் முழுவதும் மனத்தில் வைத்திருந்தால், தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் நேரமும் வீண் நேரமாவதில்லை.

யாத்திரையும் அப்படித்தான். வானில் ஏறி ஒரே நாளில் ஐந்து கோயில் பார்த்து, ஐந்திலும் படம் எடுத்துத் திரும்புவதை நான் குறை கூறவில்லை. எனினும் ஒருமுறையேனும் தாம்போதி கடந்து கேதீச்சரத்துக்கு நடந்து பாருங்கள். பருவகாலத்தில் இருபுறமும் பூநாரைகள் நிற்கும். காற்று முகத்தில் அடிக்கும். நடக்கும்போது வரும் எண்ணங்கள் வாகனத்தில் வருவதில்லை.

பெரியம்மா திரும்பி வரவில்லை. மண்டபத்திலேயே காலமானார். நான் ஊர் திரும்பிய பின், பாலாவியில் குடத்தை அமிழ்த்தித் தீர்த்தம் மொண்டபோது அவருடைய குரலே காதில் கேட்டது. 2022 ஜூலை 6ஆம் திகதி புதிய கருங்கற் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அன்று அந்தச் சனத்திரளில் நின்று பதிகத்தைக் கொப்பி இல்லாமலே பாடினேன்.

அந்தக் கொப்பி இப்போது நம் ஆலயத்தில், புராணப் புத்தகங்கள் வைக்கும் பெட்டியில் இருக்கின்றது. ஓரங்கள் கிழிந்துவிட்டன. பிரதி செய்துகொள்ள விரும்பும் பிள்ளைகள் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் என்னிடம் கேட்கலாம்.